லாரியின் மின்பழுதும் நம் உழைப்பின் வரலாறும்

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் கோயில் நுழைவைப் பற்றி எழுதுவர். பள்ளி நுழைவைப் பற்றி எழுதுவர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் இதுவரை போதிய அளவில் எழுதப்படாத நுழைவு ஒன்று உண்டு. அது பட்டறை நுழைவு.

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் இரவு பகலாகக் கனரக லாரிகள் ஓடுகின்றன. அவற்றில் சுமை ஏற்றி இறக்குவோரில் நம்மவர் பலர். கிளீனராகச் செல்வோரில் நம்மவர் பலர். ஓட்டுநராக உயர்ந்தோரும் உளர். ஆனால் வழியில் நின்றுபோன லாரியை நெருங்கி, கருவியால் தொட்டுப் பார்த்து, பழுது இன்ன இடத்தில்தான் என்று துணிந்து சொல்வோரில் நம்மவர் எத்தனை பேர்? பளு தூக்கும் வேலைக்கு நம்மை அழைத்தவர்கள், பழுது கண்டறியும் வேலைக்கு ஏன் அழைக்கவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடக்கத் தடையிருந்த சாலை

லாரியைப் பற்றிப் பேசுமுன் அது ஓடும் சாலையைப் பற்றிப் பேச வேண்டும். பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மற்றவரைப் போலவே உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை, இரட்டைமலை சீனிவாசனார் 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அது 1925இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. சாலையில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்த நாடு இது என்பதை இன்றைய இளைஞர் மறத்தல் கூடாது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அதாவது 1923, 1924ஆம் ஆண்டுகளில், செருமனியில் பென்ஸ், எம்.ஏ.என். ஆகிய நிறுவனங்கள் உலகின் முதல் டீசல் லாரிகளை வெளியிட்டன. ஒரு நாட்டில் சாலையில் ஓடப் புதிய எந்திரம் பிறந்தது. இன்னொரு நாட்டில் சாலையில் நடக்கப் புதிய உரிமை பிறந்தது. இவ்விரண்டும் நம் வட்டாரத்தில் சந்திக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்தில் வந்தன. ‘டிஸ்போசல் லாரி’ என்று மக்கள் அவற்றை அழைத்தனர். 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. சேலம் – விருத்தாசலம் இருப்புப்பாதை சின்னசேலம் வழியே சென்றதேயன்றிக் கள்ளக்குறிச்சி நகரைத் தொடவில்லை. ஆதலின் இவ்வட்டாரத்தின் நெல்லும், கரும்பும், மரவள்ளியும் நெடுங்காலம் மாட்டு வண்டியையும், பின்னர் லாரியையுமே நம்பியிருந்தன.

கல்வராயன் மலையின் நிலையோ வேறு. மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலையை அரசு 1976இல்தான் தன் நேரடி நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. அதே 1976ஆம் ஆண்டில்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையில் இன்று லாரி ஏறுகிறது என்றால், அது மலைவாழ் மக்கள் தலைச்சுமையாய் இறக்கிய காலத்தின்மேல் ஏறுகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

மின்சாரம் லாரியில் ஏறிய வரலாறு

வோல்டா 1800இல் மின்கலத்தைச் செய்தார். பாரடே 1831இல் காந்தத்தின் துணைகொண்டு மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். 1859இல் பிரான்சு நாட்டுப் பிளாண்டே, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய அமில மின்கலத்தைக் கண்டார். 1911இல் அமெரிக்காவின் கெட்டரிங், கையால் சுழற்றாமலே எஞ்சினைக் கிளப்பும் மின் மோட்டாரை உருவாக்கினார். பட்டறையில் ‘செல்ப்’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது இதனையே. இந்த நால்வரின் உழைப்பும் இன்று ஒவ்வொரு லாரியிலும் குடியிருக்கிறது.

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி தேவையில்லை. காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாக்கினால் அது சூடேறும். அச்சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். எனவே பழைய லாரி ஒருமுறை கிளம்பிவிட்டால், மின்சாரம் முற்றும் அற்றுப்போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கும், ஹாரனும், செல்ப்பும் மட்டுமே மின்சாரத்தை நம்பியிருந்தன. செல்ப் கெட்ட லாரியை ஓட்டுநர்கள் சரிவு பார்த்து நிறுத்தி, மறுநாள் உருட்டிக் கிளப்பியதை மலையடிவார ஊர்களில் மூத்தோர் இன்றும் சொல்வர். மின் வேலை அக்காலத்தில் எஞ்சின் மேஸ்திரியின் வேலைக்கு அடுத்த இடத்தில் வைத்து எண்ணப்பட்டதற்கு இதுவே காரணம்.

அந்நாளைய லாரியில் மின்சாரத்தை ஆக்கித் தந்தது டைனமோ. அதனோடு ‘கட் அவுட்’ என்னும் சிறு பெட்டியும் இருந்தது. டைனமோ மெதுவாகச் சுழலும்போது பேட்டரியின் மின்சாரம் திரும்பி ஓடிவிடாமல் காப்பது அதன் கடமை. 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் அமைந்தபின், டைனமோவும் செல்ப்பும் நம் மாநிலத்திலேயே செய்யப்பட்டன. பின்னர் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் போதிய மின்சாரம் தருவது இதன் சிறப்பு. ஆனால் பேட்டரியை முனை மாற்றி இணைத்துவிட்டால் இதனுள்ளிருக்கும் டயோடுகள் நொடியில் எரிந்துபோகும். டைனமோக் காலத்துப் பழக்கத்தோடு ஆல்டர்னேட்டரைத் தொட்டவர்கள் இதனால் இழப்புக்குள்ளாயினர். கருவி மாறும்போது அறிவும் மாற வேண்டும் என்னும் பாடத்தை இத்தொழில் முதன்முதலாகக் கற்பித்த காலம் அது.

பட்டறையில் நம்மவர்

சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமன்று, தொழிலாளரையே பிரித்து அடுக்கிவைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். பட்டறையை உற்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். அங்கே வேலை இரண்டு வகை. ஒன்று, பேட்டரியைத் தூக்குவது, அமிலம் ஊற்றுவது, துரு சுரண்டுவது, வண்டிக்கடியில் படுத்துக் கழற்றுவது. மற்றொன்று, எது கெட்டது என்று கண்டு சொல்வது. முதல் வகைக்குக் கூலி. இரண்டாம் வகைக்கு மதிப்பு.

நம் ஊர் மூத்தோர் ஒருவர் தம் இளமைக் கதையைச் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். பதினான்கு வயதில் ஒரு பட்டறையில் கையாளாய்ச் சேர்ந்தார். பேட்டரி தூக்கித் தூக்கி அவர் வேட்டியெல்லாம் அமிலம் பட்டு ஓட்டையாயிற்று. ஆனால் ஒயர்க் கட்டைப் பிரித்துப் பழுது தேடும் நேரம் வந்ததும், “டேய், போய் டீ வாங்கிட்டு வா” என்று மேஸ்திரி அனுப்பிவிடுவாராம். அவர் திரும்பி வருவதற்குள் கட்டு மீண்டும் சுற்றப்பட்டிருக்கும். அவர் டீ வாங்கப்போன கடையில் அவருக்குத் தனிக் குவளை. குவளையில் காட்டிய வேற்றுமை கண்ணுக்குத் தெரிந்தது. ஒயர்க் கட்டில் காட்டிய வேற்றுமை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டாவதே நீண்டகாலம் நம்மை வாட்டியது.

அவர் சோர்ந்துவிடவில்லை. கழித்துப் போட்ட ஒயர்களை வீட்டுக்குக் கொண்டுசென்று, ஒரு பழைய பல்பில் இரு கம்பிகளை முடிந்து, தாமே ஒரு சோதனை விளக்கைச் செய்துகொண்டார். கரும்பு அரைவைக் காலத்தில் ஓரிரவு, லாரி வரிசையில் நின்ற ஒரு வண்டியில் ஹாரனை அழுத்தினால் முன்விளக்கு மங்கிற்று. பேட்டரியை மாற்றிப் பார்த்தனர், டைனமோவையும் மாற்றிப் பார்த்தனர், பயனில்லை. நம் மூத்தவர் ஒரு தடித்த ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையைச் சுரண்டித் துலக்கிய சேஸிஸ் இரும்பிலும் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கெட்டிருந்தது பேட்டரியும் அன்று, டைனமோவும் அன்று. துருவேறிய எர்த் இணைப்பே. அன்று கூலி மேஸ்திரிக்கே போயிற்று. ஆனால் அடுத்த வாரம் அந்த ஓட்டுநர் பட்டறைக்கு வந்து, “அந்தத் தம்பி எங்கே?” என்று கேட்டாராம். இதனைச் சொல்லும்போது எழுபது வயதைக் கடந்த அம்மூத்தவரின் கண் கலங்கியதை நாம் கண்டோம்.

தனி ஒருவரின் முயற்சியால் மட்டும் கதவு திறந்துவிடாது. சட்டமும் கல்வியும் துணை நின்றன. 1942 முதல் 1946 வரை வைசிராயின் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சக்தித் துறையும், தொழில் நுட்பப் பயிற்சியும் இருந்தன. மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944இல் அவர் காலத்தில் அமைந்ததே. 1950இல் தொழிற்பயிற்சித் திட்டம் தொடங்கி, ஐ.டி.ஐ. நிலையங்கள் நாடெங்கும் பரவின. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. ஆயினும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பழகுநர் இடங்களை ஒதுக்கும் பிரிவு 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அச்சட்டத்தில் சேர்ந்தது. சட்டம் பிறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்தே நமக்குரிய பிரிவு பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்க. ஒயர்க் கட்டைப் பிரிக்கும்போது டீ வாங்க அனுப்பாத ஆசிரியரை நம் பிள்ளைகள் முதன்முதலாகக் கண்டது இந்நிலையங்களில்தான்.

கண்டறியும் முறை

பழுது கண்டறிதல் மந்திரமன்று. பிறவிக் கூறும் அன்று. அது ஓர் ஒழுங்கு. மின்சாரம் தோன்றும் இடத்திலிருந்து தொடங்கி, அது செல்லும் வழியெல்லாம் சென்று, திரும்பி வரும் வழியையும் பார்த்துவிட வேண்டும். நம் இளைஞர் அறியும்பொருட்டு அதன் அடிப்படையை இங்கே சுருக்கிக் கூறுவோம்.

கனரக லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தருகின்றன. எஞ்சின் நின்றிருக்கையில் நல்ல பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 25 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் அளவுக்கு உயர வேண்டும். உயராமல் 25 வோல்ட்டிலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் மின்னேற்றவில்லை; பெல்ட்டையும், பிரஷ்ஷையும், ரெகுலேட்டரையும், டயோடையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். 30 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்தது. பேட்டரி கொதிக்கும், பல்புகள் எரிந்துபோகும். பேட்டரி நீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்தால், முழுதும் மின்னேறிய கலம் 1.250 முதல் 1.280 வரை காட்டும். ஆறு கலங்களில் ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அப்பேட்டரியின் குறை அக்கலத்தில் உள்ளது.

செல்ப்பை இயக்கினால் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வருகிறதா? உடனே செல்ப்பைக் கழற்றுவது அறியாமை. பேட்டரி முனைகளில் பூத்த வெண்பச்சை உப்பையும், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் முதலில் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்துக்கொண்டு செல்ப்பை இயக்கச் சொல்லுக. மீட்டர் அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால், திரும்பும் வழியில் தடை இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குவது போன்ற விந்தைகளும் பெரும்பாலும் எர்த் கெட்டதால் விளைபவையே. தன் வழி அடைபட்ட மின்சாரம் வேறு வழி தேடிச் செல்கிறது.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதனிடத்தில் தடித்த கம்பியை முறுக்கி வைப்பவன் பழுதை நீக்கவில்லை. தீயை அழைத்து வைக்கிறான். எங்கோ ஒயரின் தோல் உராய்ந்து இரும்பைத் தொடுகிறது என்று பியூஸ் எச்சரிக்கிறது. எச்சரிப்பவனின் வாயை அடைப்பதால் பிழை திருந்துவதில்லை என்பதை நம் சமுதாயத்தைவிட நன்கறிந்தவர் யார்?

2020க்குப் பின் வந்த மாற்றம்

இங்குதான் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. புகை மாசைக் குறைக்கும் பொருட்டு, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிக்கேற்பச் செய்யப்படும் டீசல் லாரியில், எந்த நொடியில் எவ்வளவு டீசல் பாய வேண்டும் என்பதை ஒரு சிறு கணிப்பொறி தீர்மானிக்கிறது. மின் சமிக்ஞை சென்றால்தான் இன்ஜெக்டர் திறக்கும். புகைக்குழாயில் வெப்பத்தையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அளக்கும் உணர்விகள் உள்ளன. சரிவில் உருட்டிக் கிளப்பிய காலம் முடிந்தது. மின்சாரம் இல்லையேல் இந்த லாரி இல்லை. இரண்டாம் இடத்திலிருந்த மின் வேலை முதலிடத்துக்கு வந்துவிட்டது.

நம் மூத்தவர்கள் நம்பியிருந்த சோதனை விளக்கோ இன்று கேடு செய்யக்கூடும். விளக்கு எரியத் தேவைப்படும் மின்னோட்டம், கணிப்பொறியின் நுண்ணிய சுற்றுகளைக் கெடுத்துவிடலாம். அங்கே மிகுந்த உட்தடையுடைய மல்டிமீட்டரே வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமலும், தயாரிப்பாளர் சொல்லும் மற்றக் காப்புகளைச் செய்யாமலும் சேஸிஸில் வெல்டிங் வைத்தால், பெரும் விலையுள்ள கணிப்பொறி பாழாகலாம். லாரியிலுள்ள கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முறுக்கிய இரு ஒயர்கள் உள்ளன. ‘கேன்’ எனப்படும் இம்முறையைப் பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. அவ்விணைப்பின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இவ்விரு ஒயர்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடியின் தடை அறுபட்டது என்று பொருள். இதைக் கண்டறியத் தோள்வலி வேண்டியதில்லை. ஓமின் விதி தெரிந்திருந்தால் போதும்.

ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்தால் அது பழுதின் குறியெண்ணைக் காட்டும். அதைப் பார்த்ததும் குறித்த பாகத்தை வாங்கி மாட்டுவோர் பலர். குறியெண் சொல்வது, அச்சுற்றில் கோளாறு உண்டு என்பதை மட்டுமே. கெட்டது உணர்வியா, அதற்குச் செல்லும் ஒயரா, துருவேறிய இணைப்பா, எர்த்தா என்பதை மனிதனே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். கரும்பு வரிசையில் நம் மூத்தவர் செய்த அதே ஆராய்ச்சிதான் இன்றும் தேவைப்படுகிறது. கருவி மாறியது, முறை மாறவில்லை.

இளைஞர்களுக்கு

முன்பு இத்தொழில் கண்பார்த்தும் கைபழகியும் கற்கப்பட்டது. காட்டுபவர் காட்ட மறுத்தால் கற்க வழியில்லை. இன்று இத்தொழில் ஏட்டில் இருக்கிறது. மின்சுற்று வரைபடத்தில் இருக்கிறது. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவனை யாரும் டீ வாங்க அனுப்பிவிட்டு மறைத்துவைக்க இயலாது. வரலாறு நமக்கு அளித்துள்ள பெரிய வாய்ப்பு இது. ஆனால் இதில் ஓர் இடரும் உண்டு. படிக்காதவனுக்கு மேஸ்திரி அடைத்த கதவைவிட இந்த ஏட்டின் கதவு இன்னும் இறுக்கமாக அடைபட்டுக் கிடக்கும். வரைபடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. இயற்பியலில் மின்னோட்டப் பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்தவனுக்கும் அவை பேசா.

ஆதலின் பத்தாம் வகுப்பில் இருக்கும் நம் தம்பி தங்கையர் ஓமின் விதியை மதிப்பெண்ணுக்காக மட்டுமன்றி வாழ்க்கைக்காகவும் கற்க வேண்டும். தங்கையர் என்று நாம் சொல்வது வாய்தவறி அன்று. மல்டிமீட்டரைப் பிடிக்க மீசை வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. நிலையங்களில் மோட்டார் வாகனம், டீசல், வாகன மின்னியல் ஆகிய பிரிவுகள் உள்ளன. மலைவாழ் இளைஞர்க்குக் கருமந்துறையில் பழங்குடியினர் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. தொழில் தொடங்க, 1974இல் ஏற்பட்ட தாட்கோ நிறுவனம் மானியத்துடன் கடன் பெற உதவுகிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் திட்டத் தொகையில் 35 விழுக்காடு, உச்ச அளவாக ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மூலதன மானியத்துக்கு வழி செய்யப்பட்டுள்ளது. கூலிக்குச் செல்லும் மின்பணியாளராக மட்டுமன்றி, பட்டறைக்கு உரிமையாளராகவும் ஆவது இனிக் கனவன்று.

நம் கழகத்தின் நூலகத்தில் பாடநூல்களோடு லாரி மின்சுற்று வரைபடங்கள் சிலவும், நல்ல மல்டிமீட்டர் ஒன்றும், பழைய ஒயர்க் கட்டு ஒன்றும் இடம்பெற வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஞாயிறுதோறும் நம் மூத்த மின்பணியாளர் ஒருவர் அக்கட்டைப் பிரித்துக் காட்டட்டும். படித்த இளைஞர் அவருக்கு வரைபடத்தைப் படித்துக் காட்டட்டும். அவரிடம் கை அறிவு உண்டு. இவரிடம் ஏட்டறிவு உண்டு. இரண்டும் ஒரே மேசையில் கூடினால் நம் வட்டாரத்தில் தீராத மின்பழுது இராது.

அன்று டீ வாங்கப் போன சிறுவன் திரும்பி வருவதற்குள் சுற்றப்பட்ட கட்டு இனி நம் பிள்ளைகளின் முன்னால் பிரிக்கப்பட்டே கிடக்க வேண்டும். அடுத்த 25 ஆண்டுகளில் நாம் செய்ய வேண்டிய பணிகளுள் இதுவும் ஒன்று.